கடன் அறவிட வருபவர்களின் தொந்தரவு: கொழும்பில் உள்ளோருக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி, லீசிங் கம்பனி, நுண்கடன் நிறுவனம், நாள் வட்டிக்காரர் ஆகியோரிடம் கடன்பட்டுத் தவணை தவறியவர்கள், அதன் பின்னர் வரும் தொலைபேசி அழைப்புகளையும் வாசலில் வந்து நிற்பவர்களையும் எவ்வாறு எதிர்கொள்வது என்பதே இங்கு பேசப்படுகிறது. கடனே இல்லை என்று ஆக்கும் வழி எதுவும் இதில் இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் கடப்பாட்டுக்குள் வசவு கேட்பதும், அயலவர் முன் அவமானப்படுவதும், பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு இருப்பதும் அடங்குவதில்லை.

வாசலில் வந்து நிற்பவருக்கு என்ன அதிகாரம் உண்டு?

அவர் யார் என்பதைப் பொறுத்தது. நிறுவனத்தின் சொந்த உத்தியோகத்தராக இருக்கலாம், நிறுவனம் கூலிக்கு அமர்த்திய வெளி முகவராக இருக்கலாம், தனிப்பட்ட வட்டிக்காரரின் ஆளாக இருக்கலாம், அல்லது நீதிமன்றத்தின் பிஸ்கல் உத்தியோகத்தராக இருக்கலாம். முதல் மூவருக்கும் உங்களிடம் பணம் கேட்கும் உரிமைக்கு மேல் எதுவும் இல்லை. உங்கள் அனுமதியின்றி வீட்டுக்குள் வரவோ, தொலைக்காட்சியையோ தையல் இயந்திரத்தையோ தூக்கிச் செல்லவோ அவர்களால் முடியாது. பிஸ்கல் மட்டுமே நீதிமன்றம் வழங்கிய நிறைவேற்றுக் கட்டளையுடன் பொருட்களைக் கைப்பற்றலாம். அந்தக் கட்டளையில் வழக்கிலக்கமும், நீதிமன்றத்தின் பெயரும், தீர்க்கப்பட வேண்டிய தொகையும் இருக்கும்.

அவருங்கூட எல்லாவற்றையும் எடுக்க முடியாது. கடனாளியினதும் குடும்பத்தினதும் அத்தியாவசிய உடுப்புகள், படுக்கைகள், தொழிலுக்குரிய கருவிகள் போன்றவற்றைக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு கைப்பற்றலில் இருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பெயரில் உள்ள பணத்திலும் பொதுவாகக் கடன்காரர் கைவைக்க முடியாது.

ஆகவே, வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவரது பெயர், நிறுவனத்தின் பெயர், நிறுவன அடையாள அட்டை, இந்தக் கடனை அறவிட அவருக்கு வழங்கப்பட்ட எழுத்து மூல அதிகாரம் என்பனவே. கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் உள்ள தொடர்மாடிகளில் இதை வாசற்கதவைப் பாதி திறந்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாலே போதும். உண்மையான உத்தியோகத்தர் தயங்காமல் காட்டுவார். காட்டாதவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கடன் கட்டாவிட்டால் சிறைக்குப் போக வேண்டி வருமா?

பணம் இல்லாமல் கட்டத் தவறியது குற்றம் அல்ல, அது குடியியல் விவகாரம். 1980இல் இலங்கை இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 11ஆம் உறுப்புரையும், ஒப்பந்தக் கடப்பாடு ஒன்றை நிறைவேற்ற இயலாமல் போனதற்காக மட்டும் எவரும் சிறை வைக்கப்படலாகாது என்றே கூறுகிறது. எனவே "நாளைக்கு பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும்" என்று தொலைபேசியில் சொல்பவர் பெரும்பாலும் உங்கள் பயத்தில் இருந்து பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

இதில் மூன்று விடயங்களைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். பொய்யான ஆவணங்களைக் கொடுத்துக் கடன் பெற்றிருந்தால் அது மோசடி. நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னர் சொத்தை மறைத்தாலோ நேர்மையீனமாகக் கைமாற்றினாலோ விளைவுகள் கடுமையானவை. மூன்றாவது, காசோலை.

காசோலை திரும்பிவிட்டது. அதுவும் குடியியல் விவகாரம்தானா?

இல்லை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கணக்கில் போதிய பணம் இல்லை என்று அறிந்தே வழங்கிய காசோலை திரும்பினால், அது நீதவான் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் குற்றமாகலாம். ஓராண்டு வரையான சிறைத்தண்டனையோ, 10,000 ரூபா அல்லது காசோலைத் தொகையின் 10 சதவீதம் ஆகியவற்றில் கூடியதான தண்டப்பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதனால்தான் வட்டிக்காரர்கள் திகதியும் தொகையும் எழுதாத காசோலையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். புறக்கோட்டை வியாபாரத்தில் அது வழமையாகவே போய்விட்டது என்றாலும், வெற்றுக் காசோலையைக் கொடுப்பதைப் போல ஆபத்தான கையொப்பம் வேறொன்றும் இல்லை. ஏற்கனவே கொடுத்திருந்தால், எந்தக் கடனுக்காக, எத்தனை காசோலைகள், எந்த இலக்கங்கள் என்பதைக் கடன் கொடுத்தவருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்துக்கு அழைப்பாணை வந்துவிட்டால் சட்டத்தரணி இன்றிப் போக வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பல தடவை அழைக்கிறார்கள். தூஷண வார்த்தைகளால் ஏசுகிறார்கள். வேலைத்தலத்துக்கும் எடுக்கிறார்கள். எது வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்?

நிலுவையை நினைவூட்டி நியாயமான நேரத்தில் வரும் அழைப்பு தொந்தரவு ஆகாது. அதை எடுக்காமல் விடுவதால் நிலைமை மோசமாவதே வழக்கம். ஆனால் மத்திய வங்கி 2023இல் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், தனது மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. "அது வெளி முகவர் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்று நிறுவனம் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆளை அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

மிரட்டல் தனி விடயம். உயிருக்கோ, உடலுக்கோ, நற்பெயருக்கோ, சொத்துக்கோ தீங்கு செய்வதாகச் சொல்லிப் பயமுறுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 483ஆம், 486ஆம் பிரிவுகளின் கீழ் குற்றமுறையான அச்சுறுத்தல் ஆகும். பயமுறுத்திப் பணத்தையோ கையொப்பத்தையோ வாங்குவது 372ஆம் பிரிவில் கூறப்படும் கப்பம் பறித்தலாகலாம். வெளியே போகச் சொன்ன பின்னரும் மிரட்டும் நோக்கத்தோடு வீட்டுக்குள் நிற்பது அத்துமீறல். பெண்களிடம் பாலியல் ரீதியாகப் பேசுவது 345ஆம் பிரிவுக்குள் வருகிறது. இவற்றுக்கும் உங்களது நிலுவைத் தொகைக்கும் தொடர்பே இல்லை. பத்து இலட்சம் கடன் இருந்தாலும் ஏசுவதற்கு உரிமை வந்துவிடாது.

ஒரு கொப்பியை இதற்கென்று ஒதுக்குங்கள். திகதி, நேரம், அழைத்த இலக்கம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அழைப்பு முடிந்த கையோடு எழுதுங்கள். "மிகவும் மோசமாகப் பேசினார்" என்று எழுதுவதால் பயன் குறைவு. என்ன சொன்னாரோ, எந்த மொழியில் சொன்னாரோ, அதை அப்படியே எழுத வேண்டும், எழுதக் கூசினாலும். குரல் பதிவுகளும் பயன்படும், ஏனெனில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் சம்பவ நேரத்துப் பதிவுகளைச் சில நிபந்தனைகளுடன் சான்றாக ஏற்கிறது. பதிவு செய்த தொலைபேசியை விற்றுவிடாதீர்கள், மூலப் பதிவை வெட்டித் தொகுக்காதீர்கள்.

பொலிஸில் முறைப்பாடு செய்யப் போனால், "கடனைக் கட்டுங்கள், பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று திருப்பி அனுப்புகிறார்களே?

நாம் சொல்லும் விதமும் இதற்கு ஒரு காரணமாகிறது. கடன் வாங்கிய கதையில் தொடங்கினால், கேட்கும் உத்தியோகத்தர் அதைக் கொடுக்கல்வாங்கல் தகராறு என்று முடிவு செய்துவிடுவார். "நேற்று இரவு எட்டரை மணிக்கு இருவர் வந்து என் மகனின் கையை உடைப்பதாகச் சொன்னார்கள்" என்று நடந்த குற்றத்தில் தொடங்குங்கள். கடன் விபரத்தை அவர் கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

கொழும்பின் பல பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலம் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. அரச உத்தியோகத்தருடன் தமிழில் அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. தமிழில் எழுதக்கூடியவர் அப்போது இல்லையென்றால், நீங்கள் தமிழில் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை இணைக்கச் சொல்லலாம். சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளக்கச் சொல்லி, திருத்த வேண்டியதைத் திருத்திய பின்னரே கையொப்பமிடுங்கள். "மிரட்டினார்" என்பது "கடனைக் கேட்டார்" என்று எழுதப்பட்டுவிட்டால் முறைப்பாடே கதை மாறிவிடும். வெளியேறும் முன்னர் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தப் பந்தி, என்ன திகதி என்ற விபரம் அடங்கிய துண்டைப் பெறுங்கள். முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் பிரதேசத்துக்குப் பொறுப்பான உயர் பொலிஸ் அதிகாரிக்கு எழுதலாம். பொலிஸே கடன் கொடுத்தவருக்காக உங்களை வரவழைத்து அடைத்து வைத்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆபத்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது 119.

நிறுவனத்துக்கு எதிராக எங்கே முறையிடுவது?

முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில். இந்தப் படியைத் தாண்டிப் போனால் மற்ற இடங்களில் "அவர்களிடம் கேட்டீர்களா?" என்ற கேள்வியோடு திரும்பி வர நேரிடும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"மேற்படி இலக்கக் கடனில் எனக்கு நிலுவை உள்ளதை ஏற்றுக்கொள்கிறேன். இணைப்பில் குறிப்பிட்ட நாட்களில் உங்கள் சார்பில் என்று கூறி வந்தவர்கள் என்னையும் என் குடும்பத்தாரையும் மிரட்டினார்கள். அவர்களுக்கு நீங்கள் வழங்கிய அதிகாரத்தின் பிரதியையும், முதல், வட்டி, தாமதக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்குக் கூற்றையும் எனக்கு அனுப்புமாறு கேட்கிறேன். இனிமேல் என்னுடனான தொடர்புகளை எழுத்தில் மேற்கொள்ளவும்."

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நிலுவையை ஏற்கும் முதல் வசனம், பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த கடனுக்குப் பொருந்தாது. காரணம் பின்னால் வருகிறது.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். அதன் துரித இலக்கம் 1935. நிதிசார் ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் கட்டணமின்றி முறைப்பாடுகளை ஆராய்கிறது, ஆனால் ஏற்கனவே நீதிமன்றத்தில் இருக்கும் விடயத்தில் அது தலையிடாது. உங்கள் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை மத்திய வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் "ஃபினான்ஸ்" என்று இருப்பதெல்லாம் அனுமதி பெற்ற நிறுவனம் அல்ல.

லீசிங் ஓட்டோவை வீதியில் மறித்து சீஸ் பண்ண (கைப்பற்ற) வருகிறார்கள். கொடுத்துவிட வேண்டுமா?

லீசிங்கில் வாகனத்தின் உரிமை நிறுவனத்திடம்தான் இருக்கிறது, ஆகையால் ஒப்பந்தத்தை முறையாக முடிவுறுத்திய பின்னர் வாகனத்தைத் திருப்பிக் கேட்க அதற்கு உரிமை உண்டு. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் திருப்பிக் கேட்பது வேறு, சாவியைப் பிடுங்குவது வேறு. பிரயாணி இருக்கும் ஓட்டோவை நடுவீதியில் மறிப்பதையும், சாரதியைத் தள்ளிவிட்டு ஏறுவதையும் எந்த ஒப்பந்தமும் சட்டமாக்கிவிடாது. அங்கே பலவந்தம் நடந்தால் 119ஐ அழைத்து, அருகில் உள்ள பொலிஸ் நிலையத்துக்கு வாகனத்தை எடுத்துச் சென்று பேசலாம் என்று சொல்லுங்கள். அத்தாட்சி உள்ள ஆட்கள் பெரும்பாலும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

கைகலப்பு மட்டும் வேண்டாம். முறைப்பாடு உங்களுக்கு எதிராகவே திரும்பிவிடும். வாகனம் போய்விட்டால், கிலோமீற்றர் அளவு, டயர்கள், பற்றரி, உள்ளே இருந்த பொருட்கள் எல்லாம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள், சுற்றிவர நின்று படம் எடுங்கள். அன்றைக்கோ மறுநாளோ நிறுவனத்துக்கு எழுதி, வாகனத்தை மீட்கக் கட்ட வேண்டிய தொகையையும், கட்டாவிட்டால் அது எப்போது, எப்படி விற்கப்படும் என்பதையும் கேளுங்கள். வாகனம் போனதோடு கடன் முடிந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு, மலிவாக விற்ற பின்னர் மிச்சத் தொகைக்கு வழக்கு வருவதுண்டு.

நண்பருக்குப் பிணை நின்றேன். அவர் வெளிநாடு போய்விட்டார். என்னை ஏன் பிடிக்கிறார்கள்?

முதற் கடனாளியிடம் அறவிட முயன்ற பின்னரே பிணையாளியிடம் வர வேண்டும் என்ற பாதுகாப்பு எமது நாட்டில் நிலவும் ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆனால் வங்கிகள் அச்சிட்டு வைத்திருக்கும் பிணைப் பத்திரத்தில் அந்தப் பாதுகாப்பைக் கைவிடுவதாக ஒரு வாசகம் ஏறக்குறைய எப்போதும் இருக்கும், கையொப்பமிட்டவர் அதை வாசித்திருக்க மாட்டார். பத்திரத்தின் பிரதியைப் பெற்று, அந்த வாசகமும் பிணையின் உச்சத் தொகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் கட்டினால், கட்டியதை நண்பரிடம் அறவிடும் உரிமை உங்களுக்கு வருகிறது. பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கணவரின் கடனுக்கு மனைவியும், அப்பாவின் கடனுக்குப் பிள்ளைகளும் பொறுப்பா?

கையொப்பமிடாதவர் பொறுப்பு அல்ல. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தில் இருந்து தீர்க்கப்படும், வாரிசின் சொந்தச் சம்பளத்தில் இருந்து அல்ல. மரண வீட்டுக்கே வந்து புதிய பத்திரத்தில் கையொப்பம் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடனோடு காப்புறுதி எடுக்கப்பட்டிருந்ததா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், பல கடன்களில் இருக்கும்.

நாள் வட்டிக்கு வாங்கினேன். வாங்கியதைவிடக் கூடுதலாக வட்டியே கட்டிவிட்டேன். இன்னும் முதல் அப்படியே இருக்கிறதாம்.

தனியார் கடன்களுக்கு 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வட்டி அளவுமீறியதாகவும் கொடுக்கல்வாங்கல் கொடூரமானதாகவும் இருந்தால் கணக்கை மீளத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. புரோநோட்டில், அதாவது கடனைத் திருப்பித் தருவதாகக் கையொப்பமிடும் பத்திரத்தில், உண்மையில் கொடுத்த தொகை, முன்கூட்டிக் கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகியன எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஐம்பதாயிரத்துக்குக் கையொப்பம் வாங்கி நாற்பத்தைந்தாயிரத்தைக் கையில் கொடுப்பவர், வெற்று நோட்டில் கையொப்பம் வாங்குபவர் ஆகியோர் வழக்குக்குப் போகத் தயங்குவதற்கு இதுவே காரணம். அவர்கள் வாசலில் சத்தம் போடுவதும் அதனால்தான் என்பது என் அபிப்பிராயம்.

வட்டிக்காரர் உங்கள் வங்கி அட்டையை வாங்கி வைத்திருந்தால், வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்தி, புதியதை எடுங்கள். இதுவரை கட்டியவற்றை ஞாபகத்தில் இருந்தாவது திகதி வாரியாக எழுதுங்கள். குறித்த பெறுமதிக்கு உட்பட்ட தனியார் தகராறுகள் நீதிமன்றத்துக்கு முன்னர் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுகின்றன. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் அங்கு ஒப்புக்கொண்டு கையொப்பமிடும் தொகை, உங்களால் உண்மையில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. 2018இல் அரசாங்கம் அறிவித்த நுண்கடன் நிவாரணத்தைச் சுட்டிக்காட்டிச் சிலர் கேட்கிறார்கள். அது வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன் பெற்ற பெண்களுக்கானது. கொழும்பில் அதைச் சொல்லித் தப்ப முடியாது.

கைபேசிச் செயலியில் கடன் எடுத்தேன். என் படத்தைக் "கள்ளன்" என்று எழுதி எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

செயலியை நிறுவும்போது தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அனுமதி கொடுத்திருப்பீர்கள், அந்த அனுமதியை உடனே நிறுத்துங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அனுப்பியவரின் இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அவற்றைப் பெற்ற உறவினரிடமும் அப்படியே கேட்டு வாங்குங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பொலிஸின் கணினிக் குற்றப் புலனாய்வுப் பிரிவில் முறையிடலாம். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர்கள் அறிந்துவிட்டால் மிரட்டுபவரிடம் வேறு ஆயுதம் இல்லை.

பல வருடங்களுக்கு முந்திய கடனை இப்போது கேட்கிறார்கள்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுகள், வாய்மொழி உடன்பாட்டுக்கு 3 ஆண்டுகள், ஈட்டுக்கு 10 ஆண்டுகள். ஆனால் இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ கடனை ஏற்று எழுதிக் கொடுத்தாலோ காலம் புதிதாக எண்ணப்படும். "சும்மா ஆயிரம் ரூபா போடுங்கள், மேலிடத்துக்குக் காட்ட வேண்டும்" என்று கெஞ்சும் குரலில் வரும் அழைப்பின் பின்னால் இருப்பது இதுதான். பழைய கடனில் எதையும் கட்டும் முன், எதையும் எழுதும் முன், சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

நீதிமன்றக் கடிதம் வந்திருக்கிறது.

சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதமும் நீதிமன்ற ஆவணமும் ஒன்றல்ல. முன்னதற்குப் பதில் எழுதலாம். பின்னதைப் பெற்ற அன்றே ஆள் தேட வேண்டும். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவனம் வழக்கிட்டால், நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பை வழங்கி உங்களுக்கு அனுப்புகிறது. குறித்த திகதியில் சத்தியக்கடதாசியுடன் அனுமதி கேட்டால்தான் உங்கள் பக்கத்தைச் சொல்லவே முடியும். வராதவருக்கு எதிராக அது இறுதித் தீர்ப்பாகிவிடும். பணவசதி இல்லாதோருக்கு, புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைக் காட்டும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் கையோடு கொண்டுபோனால் ஒரு அலைச்சல் குறையும்.

வங்கிக்கு ஈடு வைத்த வீட்டை நீதிமன்றமின்றியே ஏலம் போட முடியுமா?

முடியும். பராட்டே என்று பத்திரிகைகள் எழுதுவது, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்த இந்த அதிகாரத்தைத்தான். பணிப்பாளர் சபையின் தீர்மானமே ஏலத்துக்குப் போதும். ஆனால் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில், முதற் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களுக்கு இதைப் பயன்படுத்த முடியாது என்று ஆக்கப்பட்டது. உங்கள் கடன் அந்த எல்லையின் எந்தப் பக்கம் என்பதை, நிலுவையை வைத்து அல்ல, முதலில் பெற்ற தொகையை வைத்துப் பாருங்கள். பின்னர் சட்டத்தில் வந்த மாற்றங்களையும் சேர்த்துச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சமரசமாகக் கட்டி முடிக்க நினைக்கிறேன். எப்படிப் பேசுவது?

கிளையில் முகாமையாளரிடம் பேசுங்கள், வாசலுக்கு வருபவரிடம் அல்ல. மாதத்துக்கு எவ்வளவு முடியும் என்பதை வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவதில் இருந்து சொல்லுங்கள். நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிவிட்டு இரண்டாவதில் தவறினால் பேரம் பேசும் இடமே போய்விடும். தாமதக் கட்டணத்தைக் கழிக்கக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், அது அடிக்கடி கழிக்கப்படுவதுதான். ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறாமல் பணம் கட்ட வேண்டாம். அறவிட வருபவரின் சொந்தக் கணக்குக்கோ கையிலோ கொடுக்க வேண்டாம், நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள்.

கட்டி முடித்த பிறகு?

நிலுவை இல்லை என்ற கடிதம், கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகள், புரோநோட்டு ஆகியவற்றைத் திருப்பி வாங்குங்கள். வாகனமாயின் பதிவுச் சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் பெயரை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்குவியுங்கள். வீடாயின் ஈட்டை இரத்துச் செய்யும் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்று பாருங்கள். சில வாரங்கள் கழித்துக் கொழும்பு 1இல் உள்ள கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லோரும் சொல்லும் கிரிப்பில், உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்து, கடன் தீர்ந்ததாகக் காட்டப்பட்டுள்ளதா என்று சரிபாருங்கள். இல்லையென்றால், நிலுவை இல்லை என்ற கடிதத்தின் பிரதியோடு நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவித்துத் திருத்தச் சொல்லுங்கள்.